எகிப்து: அப்பா அம்மாவுடன் போகிறேன், லக்சருக்கு எத்தனை நாள் ஒதுக்கலாம்?

திருவையாறன்:
எல்லோருக்கும் வணக்கம். ஜனவரியில் அப்பா அம்மாவை எகிப்துக்கு அழைத்துப் போகிறேன். கையில் இருப்பது ஒன்பது நாள். அப்பா பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்றவர். அஸ்வான் அணையால் மூழ்க இருந்த அபு சிம்பல் கோயிலை எப்படி அறுத்தெடுத்து மேலே வைத்தார்கள் என்று பார்க்க அவருக்கு ரொம்ப நாள் ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதரையில் நன்றாக நடப்பார், படி என்றால் சிரமம். சுத்த சைவம், முட்டையும் கிடையாது.

ஏஜென்ட் கொடுத்த திட்டம்: கெய்ரோ 3 இரவு, லக்சரிலிருந்து அஸ்வான் வரை நைல் கப்பலில் 4 இரவு, அலெக்சாண்டிரியா ஒரு நாள், கடைசியில் ஹுர்கடா கடற்கரை. அபு சிம்பல் தனிக் கட்டணமாம். இது சரிதானா? பிரமிடுக்குள் போகலாமா? அம்மாவுக்குச் சாப்பாடு கிடைக்குமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மணல்காற்று:
வேலை நிமித்தம் கெய்ரோவில் சில காலம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். ஹுர்கடாவை வெட்டுங்கள், அலெக்சாண்டிரியாவையும் வெட்டுங்கள். கடற்கரை பார்க்க எகிப்து வரை போக வேண்டியதில்லை. அலெக்சாண்டிரியா நல்ல ஊர்தான், ஆனால் போக வர சாலையிலேயே அரை நாள் போய்விடும். பழைய கலங்கரை விளக்கமும் இல்லை, பழைய நூலகமும் இல்லை.

அந்த நாட்களை லக்சரில் போடுங்கள். ஏஜென்ட் திட்டங்களில் லக்சர் என்றால் ஒரு நாள் காலை நைலின் மேற்குக் கரைக் கல்லறைகள், மாலை கர்னாக் கோயில், உடனே கப்பல். அந்த ஊருக்கு இழைக்கும் அநியாயம் இது. கர்னாக் தூண் மண்டபத்தில் மட்டும் 134 தூண்கள். நடு வரிசையில் உள்ள 12 தூண்கள் சுமார் 21 மீட்டர் உயரம். கைடு கொடியை ஆட்டிக்கொண்டு முன்னால் ஓட, பின்னாலேயே ஓடிப் பார்க்கிற இடமா அது? காலை ஆறு மணிக்குத் திறந்தவுடன் போனால் ஒரு மணி நேரமாவது கூட்டம் இல்லாமல் நிற்கலாம். கப்பல்காரர்கள் எட்டு மணிக்கு மேல் வந்து இறங்குவார்கள், அப்புறம் சந்தைதான்.

பிரமிடுக்குள் அம்மா வேண்டாம். கீசாவின் பெரிய பிரமிடான குஃபு பிரமிடில் ஏறுபாதை சுமார் 1.2 மீட்டர் உயரம்தான், குனிந்தபடியே ஏற வேண்டும். அதைத் தாண்டினால் பெரிய கூடம், சுமார் 47 மீட்டர் நீளச் சரிவு, 8 மீட்டருக்கு மேல் உயரம். அது பிரமாதமான கட்டுமானம், அப்பா கட்டாயம் பார்க்க வேண்டியது. மேலே அரசர் அறையில் மூடி இல்லாத ஒரு கிரானைட் பெட்டி மட்டும். சுவரில் ஒரு எழுத்துகூடக் கிடையாது. சிற்பம், ஓவியம் எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள்.

நறுக்கென்று:
அழைத்துப் போகுமுன் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கீசாவில் ஒட்டகக்காரன் விட மாட்டான். "ஃப்ரீ, ஃப்ரீ" என்று தலையில் துணியைக் கட்டிவிட்டுக் காசு கேட்பான். ஏற ஒரு விலை, இறங்க ஒரு விலை. பக்‌ஷீஷ் என்கிற இனாம் வேறு: கல்லறைக் காவலாளி ஓவியத்தைக் கை காட்டினால் பக்‌ஷீஷ், கழிவறையில் காகிதம் கொடுத்தால் பக்‌ஷீஷ். என் டிரைவர் பேசிய பணத்துக்கு மேல் பாதி வழியில் வண்டியை நிறுத்திக் கேட்டார். வயதானவர்களோடு இந்த அலைச்சல் எதற்கு? ஜோர்டானில் பெட்ரா போங்கள், மரியாதையாக நடத்துவார்கள்.

சுற்றும் சுப்பு:
// ஜோர்டானில் பெட்ரா போங்கள் //

நறுக்கு அண்ணே, முழங்கால் வலிக்காரரைப் பெட்ராவுக்கு அனுப்புகிறீர்களே! அங்கே மடாலயம் என்கிற இடத்துக்கு 800 படிக்கு மேல் ஏறணும்.

மணல்காற்று சொல்வதில் பாதி சரி. ஆனால் பெற்றோரோடு போகிறவர்களுக்குக் கப்பல்தான் வசதி. நானும் வயதான அத்தை, மாமாவோடு போனேன். தினமும் பெட்டி கட்ட வேண்டாம். ஒரே அறை, ஒரே படுக்கை, அவசரத்துக்குக் கழிவறை. மத்தியான வெயிலில் மேல்தளத்தில் உட்கார்ந்தால் கரையில் பேரீச்சை, கரும்பு, எருமை எல்லாம் நம் ஊர் மாதிரியே கடந்து போகும். பச்சை வயல் முடிகிற இடத்தில் கத்தியால் கீறினாற்போல் பாலை ஆரம்பிக்கும். வரப்பில் நிற்கிறவனுக்கு ஒரு கால் வயலில், ஒரு கால் மணலில். இதை விமானத்திலும் ரயிலிலும் இப்படிப் பார்க்க முடியாது.

எஸ்னா மதகில் கப்பல் நீர்மட்டம் மாறக் காத்திருக்கும். அங்கே சின்னப் படகுகளில் வியாபாரிகள் வந்து துணிகளைப் பையில் சுருட்டி மேல்தளத்துக்கு வீசுவார்கள். பிடித்திருந்தால் பணத்தை அதே பையில் போட்டு வீச வேண்டும், இல்லையென்றால் துணியைத் திருப்பி வீச வேண்டும். பேரம் முழுக்கக் கத்தலில்தான். எங்கள் மாமா பேரம் பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொண்டார், கடைசியில் ஒன்றும் வாங்கவில்லை.

திருவையாறன்:
மணல்காற்று சார், சுப்பு சார், இரண்டு பேருக்கும் நன்றி. அப்போது கப்பல் வேண்டுமா வேண்டாமா? இப்போது இன்னும் குழப்பம்.

மணல்காற்று:
கப்பல் வேண்டாம் என்று சொல்லவில்லை. லக்சர்–அஸ்வான் 4 இரவுக் கப்பலை விட, அஸ்வானில் ஏறி லக்சரில் இறங்கும் 3 இரவுக் கப்பலைக் கேளுங்கள். முதலில் அஸ்வானுக்கு விமானத்தில் போய் அபு சிம்பலையும் ஃபிலே கோயிலையும் முடித்துவிட்டுக் கப்பல் ஏறலாம். வழியில் கொம் ஒம்போ, எட்ஃபு கோயில்கள். லக்சரில் இறங்கியதும் ஏஜென்டுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, மேற்குக் கரையில் ஒரு சின்ன ஓட்டலில் சொந்தமாகத் தங்குங்கள். அங்கிருந்து அரசர் பள்ளத்தாக்கு பக்கம்.

பள்ளத்தாக்கில் 60க்கும் மேற்பட்ட கல்லறைகள். பொது டிக்கெட்டுக்கு மூன்றுதான் பார்க்கலாம். துத்தன்காமுன், முதலாம் சேத்தி, ஆறாம் ராம்செஸ் கல்லறைகளுக்குத் தனித்தனி டிக்கெட். துத்தன்காமுன் கல்லறை சின்னது. 1922-ல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்ததால் பேர் பெரிது, பொருள்களெல்லாம் கெய்ரோவுக்குப் போய்விட்டன. ஆனால் அந்தப் பையன் அரசனின் உடல் இன்னும் அங்கேயே கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. காசு ஒரே ஒரு கல்லறைக்குத்தான் என்றால் நான் சேத்தியைத்தான் சொல்வேன். மலைக்குள் சுமார் 137 மீட்டர் இறங்கும், புடைப்புச் சிற்பத்தின் வண்ணம் நேற்றுத் தீட்டியது மாதிரி இருக்கும். விலை மிக அதிகம், இறங்கி ஏறவும் வேண்டும். அம்மாவுக்கு ஆறாம் ராம்செஸ் போதும். சாய்தளப் பாதை, படி குறைவு. அடக்க அறை விதானத்தில் வான தேவதை நூத் இரண்டு உருவமாக முதுகோடு முதுகு படுத்திருப்பாள். சாயங்காலம் சூரியனை விழுங்குவாள், காலையில் பெறுவாள். சுவர்களில் ரோமானியர் காலத்துச் சுற்றுலாக்காரர்கள் கிரேக்கத்தில் கிறுக்கிவைத்த பெயர்கள். சுவரில் பேர் எழுதுகிற வியாதி அவ்வளவு பழசு.

கோவைக்காரி:
சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லையே. சைவத்துக்கு எகிப்து நல்ல இடம். ஃபுல் என்று அவரைப் பருப்பு மாதிரி ஒரு பெரிய பயறை இரவு முழுக்க வேகவைத்து, எண்ணெய், சீரகம், எலுமிச்சை சேர்த்து ரொட்டியோடு தருவார்கள். காலைச் சாப்பாடே அதுதான். தாமியா அதே பயறில் செய்த வடை, மல்லித்தழை போட்டுப் பச்சையாக இருக்கும். கொஷாரி: சோறு, மக்ரோனி, பருப்பு, கொண்டைக்கடலை, மேலே தக்காளிச் சாறும் பொரித்த வெங்காயமும். பார்க்கச் சகிக்காது, சாப்பிட்டால் விடமாட்டீர்கள்.

ஒரு சூட்சுமம்: "சைவம்" என்று ஆங்கிலத்தில் சொன்னால் கோழி ரசத்தில் வேகவைத்த சோறு வந்துவிடும். "சியாமி" என்று கேளுங்கள். அங்குள்ள காப்டிக் கிறிஸ்தவர்களின் விரத உணவு அது. கறி, முட்டை, பால், நெய் எதுவும் இருக்காது. வருடத்தில் பாதி நாளுக்கு மேல் அவர்களுக்கு விரதம், அதனால் சமையல்காரர் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. அதுவரை விரத காலம்தான், உங்கள் தேதி அதற்கு முன் என்றால் இன்னும் சுலபம். முலோகியா என்ற கீரைக் குழம்பை மட்டும் கேட்டுவிட்டு வாங்குங்கள், பெரும்பாலும் கோழி அல்லது முயல் ரசத்தில் செய்வார்கள்.

அம்மாவுக்கு மெல்லிய பருத்தித் துப்பட்டாவோடு ஒரு சால்வையும் வையுங்கள். ஜனவரியில் அஸ்வான் பகலில் இதமாக இருக்கும், விடியற்காலையில் பல் தந்தியடிக்கும்.

கல்வெட்டுப் பித்தன்:
இத்தனை பேர் பேசி ஒருவரும் செங்கடல் பக்கம் வரவில்லையே! ஹுர்கடாவைக் குளிக்கிற கடற்கரை என்று வெட்டினீர்கள், சரி. ஆனால் அங்கிருந்து தெற்கே குசைர் அல்-கதீம் இருக்கிறது. ரோமானியர் கால மியோஸ் ஹோர்மோஸ் துறைமுகம். அங்கே தமிழ் பிராமி எழுத்தில் கணன், சாதன் என்று பெயர் பொறித்த பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. 2007-ல் "பானை ஒறி" என்று எழுதிய ஓட்டுத் துண்டைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார். பானையைக் கட்டித் தொங்கவிடுகிற உறிதான்! இன்னும் தெற்கே பெரெனிகே என்ற பழைய துறைமுகத்தில் கொற்ற என்று தொடங்கும் பெயர். அங்கே செராபிஸ் கோயில் முற்றத்தில், இந்தியாவில் செய்த பெரிய தாழி நிறைய மிளகு கிடைத்தது, ஏழரைக் கிலோ. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய நம் மிளகு! தமிழனாகப் பிறந்துவிட்டு அங்கே போகாமல் வருவதா?

மணல்காற்று:
பித்தன் ஐயா, நீங்கள் சொன்னதெல்லாம் உண்மை, ஆனால் அங்கே போனால் பார்க்க ஒன்றும் இல்லை. குசைர் அல்-கதீம் ஒரு மணல் மேடு. பெரெனிகே ராணுவக் கட்டுப்பாடு மிகுந்த பகுதி, சாதாரணப் பயணி நினைத்தபடி போய்வர முடியாது. பானை ஓடும் மிளகும் அங்கே காட்சிக்கு இல்லை.

அந்த வணிகத்தின் தடத்தைத் தொட வேண்டுமென்றால் லக்சரிலிருந்து கினா போகும் சாலையில் கிஃப்ட் என்ற ஊர் வரும். பழைய கொப்டோஸ். செங்கடல் துறைகளில் இறங்கிய சரக்கு ஒட்டகத்தில் பாலையைக் கடந்து அங்கேதான் நைலை அடைந்தது, பிறகு படகில் அலெக்சாண்டிரியா. முசிறியிலிருந்து வந்த ஹெர்மபொல்லோன் கப்பலின் சரக்குக் கணக்கு எழுதிய இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்று வியன்னாவில் இருக்கிறது. அந்தப் பாப்பிரஸிலும் இதே வழிதான் குறிக்கப்பட்டிருக்கிறது. கிஃப்டில் இறங்கத் தேவையில்லை. தெந்தேரா கோயிலுக்குப் போகும்போது வண்டியிலிருந்தே கும்பிட்டுக்கொள்ளுங்கள்.

கல்வெட்டுப் பித்தன்:
மணல் மேடென்றாலும் நம்ம மேடு! நான் போவேன். ஆனால் வயதானவர்களோடு போகிறவருக்கு நீங்கள் சொல்வதுதான் சரி, ஒப்புக்கொள்கிறேன்.

திருவையாறன்:
ஓர் அசட்டுக் கேள்வி. நேற்று அம்மாவிடம் பள்ளத்தாக்கு பற்றிச் சொன்னேன். "சமாதிக்குள்ள போய்ட்டு வந்து அப்படியே கோயிலுக்குப் போறதா? தலை முழுக வேண்டாமா?" என்கிறார். சிரிக்காதீர்கள், நிஜமாகவே தயங்குகிறார். மம்மி பார்க்கவும் மாட்டாராம்.

சுற்றும் சுப்பு:
இதில் சிரிக்க என்ன இருக்கிறது, எங்கள் அத்தையும் இதையேதான் சொன்னார். கல்லறை, மம்மி எல்லாவற்றையும் காலையில் முடித்துவிட்டு அறைக்கு வந்து குளித்துவிட்டு, மாலையில் லக்சர் கோயில். அது இரவிலும் திறந்திருக்கும், விளக்கொளியில் பார்க்கத்தான் அழகு. பிரச்சினை தீர்ந்தது. அரச மம்மிகள் இருப்பது கெய்ரோவில் ஃபுஸ்தாத் பக்கம் உள்ள நாகரிக அருங்காட்சியகத்தில், தனிக் கூடத்தில். 2021 ஏப்ரலில் 22 பேரை ஊர்வலமாகக் கொண்டுபோய் வைத்தார்கள். அம்மா அந்தக் கூடத்துக்குள் வராமல் மேல்தளத்தில் உட்காரலாம்.

மணல்காற்று:
அம்மாவுக்காகவே ஒன்று சொல்கிறேன். அவரை அபிதோஸ் அழைத்துப் போங்கள். லக்சரிலிருந்து காரில் காலையில் கிளம்பினால் தெந்தேராவையும் சேர்த்து ஒரே நாளில் பார்த்து வரலாம். கப்பல் போகாத இடம் என்பதால் கூட்டம் குறைவு.

அபிதோஸில் முதலாம் சேத்தி கட்டிய கோயிலில் ஏழு கருவறைகள் வரிசையாக இருக்கின்றன. சுவர்களில் அன்றாட பூஜை முறையே வரிசைப்படி செதுக்கியிருக்கிறது. முத்திரையை உடைத்துக் கதவைத் திறப்பது, சாமி முன்னால் விழுந்து வணங்குவது, தூபம், பழைய துணியைக் களைந்து புதுத் துணி சாத்துவது, தைலம் பூசுவது, நைவேத்தியம். கடைசியில் பூசாரி தன் காலடித் தடத்தைத் துடைத்துக்கொண்டே பின்னால் நகர்ந்து கதவைச் சாத்துவார். கைடு இதை "மதச் சடங்குகள்" என்று ஒரே வார்த்தையில் தாண்டிவிடுவார். உங்கள் அம்மா ஒவ்வொரு சிற்பத்துக்கும் நின்று பெயர் சொல்லுவார். திருவனந்தல் முதல் அர்த்தசாமம் வரை பார்த்தவருக்கு அங்கே விளக்கம் தேவைப்படாது. வெளிவாசலில் வெளிச்சமும் உயரமுமாக இருந்து, உள்ளே போகப் போகத் தரை உயர்ந்து, கூரை தாழ்ந்து, இருட்டாகிக் கருவறை வரும். கர்னாக், எட்ஃபு எல்லாமே இந்த அமைப்புதான். ஒரே வித்தியாசம், ஊர் மக்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. சாமி வெளியே வந்தால்தான் தரிசனம்.

அப்படி வெளியே வருவது பெரிய திருவிழா. ஒபெத் விழாவில் அமுன், முத், கோன்சு மூவரையும் படகு வடிவப் பல்லக்கில் பூசாரிகள் தோளில் சுமந்து கர்னாக்கிலிருந்து லக்சர் கோயிலுக்கு எழுந்தருளப் பண்ணுவார்கள். அந்த வீதிதான் சிங்க உடல் சிலைகள் வரிசையாக நிற்கிற சுமார் 2.7 கிலோமீட்டர் சாலை, தோண்டி முடித்து 2021 நவம்பரில் திறந்தார்கள். தெந்தேராவின் ஹாத்தோர் தேவி வருடம் ஒரு முறை நைலில் படகேறி எட்ஃபுவில் இருக்கும் ஹோரஸைச் சேரப் போவாள், இரு கரையிலும் ஜனம். லக்சர் கோயிலுக்குள்ளேயே இப்போது அபு ஹக்காக் என்ற மகானின் பள்ளிவாசல் இருக்கிறது. கோயில் மண்மூடிக் கிடந்த காலத்தில் மேட்டின் மேல் கட்டியது, மண்ணை அகற்றியபின் அதன் பழைய வாசல் சுவரில் உயரத்தில் தொங்குகிறது. அந்த மகானின் விழாவில் இன்றும் படகுகளை ஊர்வலமாக இழுத்து வருகிறார்கள். சாமி மாறிவிட்டது, ஊர்வலம் மாறவில்லை என்று அங்கே பலர் சொல்லக் கேட்கலாம். நேரடித் தொடர்ச்சியா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை.

நறுக்கென்று:
நல்லா எழுதுறீங்க, ஆனால் டிக்கெட் விலையையும் எழுதுங்க. உள்ளூர்க்காரனுக்கு ஒரு விலை, நமக்கு அதைப் போல் பல மடங்கு. ஒவ்வொரு வருடமும் ஏற்றுகிறார்கள்.

மணல்காற்று:
உண்மைதான், நம்ம தாஜ்மகாலிலும் அதே கதைதானே. 2024 மார்ச்சில் எகிப்திய பவுண்டு ஒரே நாளில் டாலருக்கு சுமார் 31-லிருந்து 50 பக்கம் சரிந்தது, அதனால் உணவும் டாக்சியும் நமக்கு மலிவு. டிக்கெட் மட்டும்தான் கடிக்கும். பெரிய இடங்களில் டிக்கெட்டுக்குக் கார்டுதான், ரொக்கம் வாங்க மாட்டார்கள். இரண்டு கார்டு வைத்திருங்கள். பக்‌ஷீஷுக்குச் சில்லறை நோட்டு தனியாக ஒரு பையில். அதைக் கப்பம் என்று நினைத்தால் கோபம்தான் வரும். அந்தக் காவலாளியின் சம்பளம் விலைவாசியோடு ஏறவே இல்லை. வேண்டாம் என்றால் "லா ஷுக்ரன்" சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருங்கள், நிற்காதீர்கள். கெய்ரோவில் செயலியில் வண்டி கூப்பிட்டால் டிரைவரோடு பேரப் பிரச்சினை பெரும்பாலும் இல்லை.

கூலி விஷயம் வந்ததால் சொல்கிறேன். மேற்குக் கரையில் தெயிர் எல்-மெதினாவைத் தவறவிடாதீர்கள். அரசர் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்களின் ஊர். மூன்றாம் ராம்செஸின் 29-வது ஆண்டில் படியளக்கும் தானியம் தாமதமானதும் வேலையை நிறுத்திவிட்டுக் கோயில்களின் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் அதுதான், பாப்பிரஸ் இத்தாலியின் தூரினில் இருக்கிறது. அவர்களுடைய சொந்தக் கல்லறைகள் சின்னவை. ஆனால் சென்னெஜெம் கல்லறையில் புருஷனும் பெண்டாட்டியும் ஏர் ஓட்டி அறுவடை செய்கிற ஓவியம் இருக்கிறதே, எந்த அரசனுக்கும் அப்படி ஒன்று கிடையாது. படி செங்குத்து என்பதால் நீங்களும் அப்பாவும் மட்டும் இறங்குங்கள்.

கோவைக்காரி:
கெய்ரோவுக்கு 3 இரவு சரியா? புது அருங்காட்சியகம் திறந்துவிட்டார்களே.

மணல்காற்று:
சரிதான். ஒரு நாள் கீசா, பக்கத்திலேயே புதிய பெரிய அருங்காட்சியகம். 2025 நவம்பர் 1-ல் அதிகாரபூர்வமாகத் திறந்தது, துத்தன்காமுன் கல்லறைப் பொருள்கள் 5,000க்கு மேல் முதல்முறையாக ஒரே இடத்தில். நேரம் குறித்து முன்பதிவு செய்துவிடுங்கள். மற்றொரு நாள் பழைய இடுகாடான சக்காரா. அங்கே மெரெருகா என்ற அமைச்சரின் கல்லறை வீடு, குனியவே வேண்டாம், 30க்கும் மேல் அறைகள். மீன் பிடிப்பது, வரி கட்டாதவனை இழுத்து வருவது, கழுதைப்புலிக்கு வலுக்கட்டாயமாகத் தீனி ஊட்டுவது என்று சுவர் முழுக்க ஊர் நடப்பு. அம்மாவுக்குப் பிரமிடை விட இது பிடிக்கும்.

திருவையாறன்:
திட்டத்தை மாற்றச் சொல்லி ஏஜென்டிடம் பேசிவிட்டேன், அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அப்பா ஒன்று கேட்கச் சொன்னார்: அபு சிம்பலில் பிப்ரவரி 22 அன்று சூரியன் கருவறை வரை விழுமாமே, பயணத்தைத் தள்ளிப் போடலாமா என்கிறார்.

மணல்காற்று:
வேண்டாம் என்று சொல்லுங்கள். பிப்ரவரி 22, அக்டோபர் 22 இரண்டு நாளும் நள்ளிரவிலிருந்தே வரிசை, உள்ளே சில வினாடிகூட நிற்க விடமாட்டார்கள். ஒளி நான்கு சிலைகளில் மூன்றின் மேல் விழும், இருளோடு சம்பந்தப்பட்ட ப்தா என்ற தெய்வத்தின் மேல் விழாது. இடம் மாற்றுவதற்கு முன் இது ஒரு நாள் முன்னதாக நடந்தது என்பார்கள்.

அப்பாவுக்கு வேண்டியது எல்லா நாளும் அங்கே இருக்கிறது. 1964 முதல் 1968 வரை கோயிலை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாளங்களாக அறுத்தார்கள், பெரும்பாலும் 20 டன், சில 30 டன். சுமார் 65 மீட்டர் மேலே, 200 மீட்டர் பின்னே. முகப்பில் அறுத்த கோடுகளைக் கூர்ந்து பார்த்தால் தெரியும். நான்கு பெரிய ராம்செஸ் சிலைகளில் இடமிருந்து இரண்டாவதன் தலையும் உடலும் பழங்கால நிலநடுக்கத்தில் உடைந்து காலடியில் விழுந்தவை. தூக்கி ஒட்டவைக்கவில்லை. விழுந்து கிடந்த அதே இடத்தில், அதே சாய்வில் புது இடத்திலும் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். அஸ்வானிலிருந்து சாலையில் 280 கிலோமீட்டர், நாலு மணிக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். ஓட்டலில் முந்தின இரவே காலைச் சாப்பாட்டைப் பொட்டலமாகக் கேட்டு வைத்துவிடுங்கள், சியாமி என்று சொல்ல மறக்காமல்.